கிரயம் முறிந்தால் கிரகமா குற்றவாளி?

ஒரு மனிதன் தன் வீட்டை விற்பதென்று தீர்மானித்து, விலை பேசி, வெற்றிலை பாக்கு மாற்றி, அச்சாரமும் வாங்கிக்கொண்ட பிறகு, அந்தக் கிரயம் நடவாமல் முறிந்துபோவது உலகத்தில் எங்கும் நடக்கிற ஒரு வியாபாரச் சங்கதியே ஒழிய, அதில் அதிசயப்படத்தக்கதோ ஆண்டவன் பிரவேசிக்கத்தக்கதோ ஒன்றுமேயில்லை. சந்தையில் மாட்டுப் பேரம் முறிந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போகிறோம். கமுதியிலும் முதுகுளத்தூரிலும் மிளகாய் மூட்டைக்கு விலை படியாவிட்டால் மறுவாரம் கொண்டுவருகிறோம். அதற்காக எவனும் சோதிடன் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவதில்லை. ஆனால் வீட்டுக் கிரயம் முறிந்தால் மாத்திரம் நம்மவர்களுக்குப் புத்தி முறிந்துபோகிறது. பெண்டாட்டியின் ராசி என்கிறான் ஒருவன். எதிர்வீட்டுக்காரன் கண் என்கிறான் மற்றொருவன். அஷ்டமத்துச் சனி என்று இருவருக்கும் தீர்ப்புச் சொல்லிக் காசு வாங்குகிறான் மூன்றாமவன்.

வீடு விற்பவன் பெரும்பாலும் சுகத்தில் விற்பதில்லை. பெண்ணின் கல்யாணத்துக்கு விற்கிறான். கடனுக்கு விற்கிறான். மகனை வளைகுடா நாட்டுக்கோ மலேயாவுக்கோ அனுப்ப விற்கிறான். வைத்தியச் செலவுக்கு விற்கிறான். ஆகவே கிரயம் முறிகிறபோது முறிவது ஒரு பேரம் மாத்திரமல்ல. அந்தப் பணத்தை நம்பி அவன் போட்டுவைத்த கணக்கு முழுவதும் முறிகிறது. அப்படிப்பட்ட சமயத்தில்தான் மனிதனுக்கு அறிவு மிகவும் வேண்டும். அந்தச் சமயத்தில்தான் அவனிடம் இருக்கும் கொஞ்ச அறிவையும் பிடுங்கிக்கொள்ளக் கூட்டம் காத்திருக்கிறது.

பரிகார வியாபாரம்

இந்த வியாபாரத்துக்கு நமது ஜில்லா பேர்போன இடம். கிரகதோஷம் என்றால் தேவிபட்டினத்துக் கடலுக்குள் நிற்கும் 9 கற்களைச் சுற்றச் சொல்லுகிறார்கள். பிதிர்தோஷம் என்றால் இராமேசுவரத்தில் கடலில் மூழ்கி, 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளச் சொல்லுகிறார்கள். காசியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் இதற்காக ஜனங்கள் ரயிலேறி வருகிறார்கள்.

நாம் கேட்பது ஒன்றே ஒன்று. இந்தத் தண்ணீருக்குக் கிரயத்தை முடித்துவைக்கும் சக்தி இருக்குமானால், அந்தத் தண்ணீரைத் தினமும் மிதித்துக்கொண்டு நடக்கிற இராமேசுவரத்துவாசிகள் வீட்டில் ஒரு கிரயமும் முறியக்கூடாதல்லவா? அங்கே ஒருவனுக்கும் கோர்ட்டில் வழக்கு இருக்கக்கூடாதல்லவா? அப்படியா இருக்கிறது? போகட்டும், கிரயம் முறிவதாவது மனிதனுடைய சில்லறைத் தொல்லை. இராமேசுவரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருந்த தனுஷ்கோடியை 1964 டிசம்பர் 22 இரவு புயலும் கடலும் சேர்ந்து அழித்தனவே, அப்பொழுது எந்தத் தீர்த்தம் தடுத்தது? பயணிகளோடு வந்த ரயிலையே அலை கொண்டுபோயிற்று. ரயில்வே ஸ்டேஷனும் மாதாகோவிலும் இடிந்து நிற்பதை இன்றும் காணலாம். குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. அந்த ஊரில் வீடு கட்டினவர்களில் நாள் பாராமல் கால் நாட்டினவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த நாள்கள் எல்லாம் எங்கே போயின?

நல்ல நாள் பார்த்துப் பதிவு செய்வதில்தான் என்ன குறைச்சல்? ஆடி மாதத்தில் சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் கூட்டம் குறைகிறது. முகூர்த்த நாள் வந்தால் நெரிசல் தாங்காமல் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கிறது. முறிந்துபோன கிரயங்களின் அச்சாரத் தேதிகளை எடுத்துப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள். அமாவாசையிலும் அஷ்டமியிலுமா அச்சாரம் கொடுத்திருப்பார்கள்? இராகு காலம் கழித்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து கொடுத்த அச்சாரந்தானே முறிந்திருக்கிறது? அப்படியிருக்க நல்ல நேரத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், கட்டின மனைவியின் ராசியை நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

உண்மைக் காரணங்கள்

கிரயங்கள் ஏன் முறிகின்றன என்பதற்குக் காரணங்களை வானத்தில் தேடவேண்டியதில்லை. பத்திரப் பெட்டியைத் திறந்தால் போதும்.

வாங்குகிறவன் கையில் பணமில்லாமல் பாங்கியின் கடனை நம்பி அச்சாரம் கொடுத்திருப்பான். பாங்கியின் வக்கீல் மூலப் பத்திரத்தைக் கேட்பார். மூலப் பத்திரம் 40 வருஷத்துக்கு முன் யாரிடமோ அடகு வைத்த இடத்தில் இருக்கும். பட்டா இன்னும் செத்துப்போன பாட்டன் பேரில் இருக்கும். பங்காளி ஒருவன் பினாங்கிலும் மற்றொருவன் கொழும்பிலும் இருப்பான். கோவில் நிலத்தில் கட்டின வீட்டைச் சொந்த மனையென்று நினைத்து விற்கப் புறப்பட்டிருப்பான். 1959-ம் வருஷத்து இந்து அறநிலையச் சட்டப்படி கமிஷனர் அனுமதியில்லாமல் அந்த நிலத்தின் விற்பனை செல்லாது. வக்பு நிலத்தின் கதையும் இதுதான்.

கடலோரத்து மனை என்றால் இன்னொரு சங்கதி. கடலோரப் பகுதிகளை ஒழுங்குபடுத்த 1991, 2011, 2019 ஆகிய வருஷங்களில் மத்திய சர்க்கார் அறிவிக்கைகள் போட்டிருக்கிறது. கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து பொதுவாக 500 மீட்டர் வரை அவைகளின் கட்டுப்பாடு உண்டு. லாட்ஜ் கட்டலாம் என்று வந்தவன், அங்கே நினைத்தபடி கட்ட முடியாது என்று தெரிந்தவுடன் ஓடிவிடுகிறான். 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இப்படி ஒரு பாலமோ ரோடோ வருகிறதென்றால், இனி மனை பொன்னாகிவிடும் என்று தரகன் காதில் ஓதுகிறான். விற்பவன் பேசின விலையை மறுக்கிறான். இதில் சனிக்கு என்ன வேலை? வில்லங்கச் சான்றில் இராகு கையெழுத்துப் போடுவதுண்டா?

இவைகள் எல்லாவற்றையும்விட வெட்கக்கேடான காரணம் ஒன்றுண்டு. விலையெல்லாம் படிந்த பிறகு, வாங்க வருகிறவன் இன்ன ஜாதி, இன்ன மதம் என்று தெரிந்தவுடன் தெருவே கூடிக்கொண்டு விற்காதே என்கிறது. விற்கிறவனும் ஊருக்குப் பயந்து அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கடவுள் சித்தம், கூடிவரவில்லை" என்கிறான். அவனுக்குப் பணமும் போயிற்று, நாணயமும் போயிற்று. தன் வீட்டை யாருக்கு விற்பதென்று தீர்மானிக்கும் சுதந்திரமும் போயிற்று. இதற்குக் கடவுளை ஏன் சாட்சிக்கு இழுக்கவேண்டும்? ஜாதி சித்தம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே!

தங்கையின் கையெழுத்து

நம் பக்கத்தில் அதிகமான கிரயங்கள் முறிகிற இடம் ஒன்று உண்டு. அது கூடப்பிறந்த பெண்ணின் கையெழுத்து. அண்ணன் தம்பிகள் விலை பேசி அச்சாரம் வாங்கிக்கொண்டு, கடைசி நாளில் தங்கைக்கு ஆள் அனுப்புகிறார்கள். "ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ, சேலை எடுத்துத் தருகிறோம்" என்கிறார்கள். அவள் "என் பங்கு என்ன?" என்று கேட்டால், நல்ல காரியத்தைக் கெடுக்க வந்தவள், மூதேவி என்று ஏசுகிறார்கள்.

அவள் கேட்பது பிச்சையல்ல. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மகாநாட்டில், சொத்தில் ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானம் செய்தபோது அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. இன்று அதுவே சட்டம். தகப்பன் சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் இறந்தால் அந்தச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்பதை 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டமே சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் 1989-ல் தமிழ்நாடு சட்டம் செய்தது. அதில் அன்று ஏற்கனவே மணமாகியிருந்த பெண்களுக்கு இடமில்லை. 2005-ல் மத்தியச் சட்டம் அந்த வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. தகப்பன் 2005-க்கு முன்பே இறந்திருந்தாலுங்கூட மகளுக்குப் பிறப்பினாலேயே பங்குண்டு என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்திற்று. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி நடந்துபோன பாகப்பிரிவினையும் விற்பனையும் மாத்திரம் கலைக்கப்படமாட்டா. முஸ்லிம்களுடைய சட்டத்திலோ மகளுக்கென்று குறிப்பிட்ட பங்கு ஆதியிலிருந்தே உண்டு.

ஆகவே தோழர்களே, தங்கையால் கிரயம் முறிந்தது என்று சொல்லாதீர்கள். தங்கையை மனுஷியாக எண்ணாததால் கிரயம் முறிந்தது என்று சொல்லுங்கள். அச்சாரம் வாங்குவதற்கு முந்தியே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவள் பங்கைப் பேசி, ஒப்பந்தத்திலும் அவள் கையெழுத்தை வாங்கியிருந்தால் கிரயமும் நின்றிருக்கும், உறவும் நின்றிருக்கும்.

மதுரை வீட்டு வழக்கு

கிரயம் முறிந்தால் கோர்ட்டுக்குப் போய் ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் மதுரை வீட்டு வழக்கு ஒன்றை அறிந்துகொள்வது நல்லது. 1978 டிசம்பரில் மதுரையில் ஒரு வீட்டை 60,000 ரூபாய்க்குப் பேசி, 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார்கள். மீதியைக் கட்டிக் கிரயம் முடிக்க 6 மாதம் கெடு. வாங்குகிறவர் கெடுவுக்குள் ஸ்டாம்பு காகிதமும் வாங்கவில்லை, மீதிப் பணத்தையும் நீட்டவில்லை. இரண்டரை வருஷம் கழித்து 1981-ல்தான் நோட்டீஸ் கொடுத்து வழக்குப் போட்டார். அதற்குள் மதுரையில் சொத்து விலை சுமார் மூன்று பங்காக ஏறிவிட்டது. வழக்கு டில்லி வரைக்கும் போயிற்று. 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு, இத்தனை காலம் சும்மா இருந்துவிட்டு விலை ஏறினபின் பழைய விலைக்குக் கிரயம் கேட்பது நியாயமல்ல என்று, கிரயம் செய்துகொடுக்கும்படி உத்தரவிட மறுத்துவிட்டது.

அச்சாரம் கொடுத்தது 1978-ல். முடிவு கிடைத்தது 1997-ல். இடையில் 18 வருஷம். அச்சாரம் கொடுத்த நாளில் பிறந்த பிள்ளைக்கு ஓட்டுரிமையே வந்திருக்கும். இதில் வாங்க நினைத்தவருக்கு வீடு கிடைக்கவில்லை. விற்க நினைத்தவருக்கு நிம்மதி கிடைத்திருக்குமா? கெடு என்பது விளையாட்டல்ல, காலம் என்பதே பணம் என்னும் பாடந்தான் இதில் மிச்சம்.

இதைப் பார்த்துவிட்டு விற்கிறவர்கள், இனி எப்பொழுது வேண்டுமானாலும் பேச்சு மாறலாம் என்று எண்ணிவிடவும் கூடாது. 2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. முன்னே, கிரயம் செய்துகொடுக்கச் சொல்லுவதும் சொல்லாததும் கோர்ட்டின் விருப்பமாக இருந்தது. இப்பொழுது, வாங்குகிறவன் பணத்தோடு தயாராக இருந்தான் என்று ருசுவானால் விற்பவன் தப்புவது கடினம்.

முறிந்தபின் செய்யவேண்டியது

முதலாவது, அச்சாரம் வாங்கினதாலேயே வீடு கைமாறிவிடவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி ஒப்பந்தம் என்பது விற்பதாகச் சொன்ன வாக்கு மாத்திரமே. கிரயப் பத்திரம் பதிவாகும்வரை வீடு விற்பவனுடையதே. அதேபோல் ஒப்பந்தம் முறிந்ததாலேயே எல்லாம் தீர்ந்துபோகவும் இல்லை. யாரால் முறிந்தது, எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், நோட்டீஸ் தபாலில் போகட்டும். வழக்குத்தான் வழியென்றால், கெடுத் தேதியிலிருந்து 3 வருஷத்துக்குள் போடவேண்டும். கிரயம் கிடைக்காவிட்டால் முன்பணத்தையாவது கொடு என்ற பரிகாரத்தையும் பிராதிலேயே சேர்த்துக் கேட்கவேண்டும். கேளாததைக் கோர்ட்டு தானாகக் கொடுக்காது. நமக்கு வேண்டிய பரிகாரம் இதுதான், கடலில் முழுகுகிற பரிகாரமல்ல.

இரண்டாவது, முன்பணம். விற்பவன் மறுத்தால் முன்பணத்தைத் திருப்பவேண்டும். திருப்பாவிட்டால் அந்த வீட்டின்மீதே வாங்கவந்தவனுக்கு அந்தத் தொகைக்குப் பாத்தியம் உண்டு. வாங்குகிறவன் மறுத்தாலோ, நாணயத்துக்கு அடையாளமாகக் கொடுத்த அச்சாரத்தை விற்பவன் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அச்சாரம் வேறு, விலையில் ஒரு பாகமாகக் கொடுத்த பெருந்தொகை வேறு. பாதி விலையை வாங்கிக்கொண்டு அத்தனையையும் விழுங்கிவிடலாம் என்று எண்ணக்கூடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி கிடைப்பது நியாயமான ஈடே. நஷ்டமில்லாதவனுக்கு ஈடில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2015-ல் சொல்லியிருக்கிறது. பறிமுதல் செய்த முன்பணத்தை வருமானமாகக் கணக்கிட்டு வரி கேட்கவும் 2014-லேயே சட்டம் வந்துவிட்டது.

மூன்றாவது, ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் அதை ரத்துச் செய்வதையும் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012-ம் வருஷத் திருத்தப்படி கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யவேண்டும். சமாதானமாகப் பிரிந்துவிட்டோம் என்று கைகுலுக்கிவிட்டு ரத்துப் பத்திரம் எழுதாமல் விட்டால், அந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் உட்கார்ந்துகொண்டு அடுத்து வருகிறவனை விரட்டும். பிறகு "இந்த வீட்டுக்கு ஏதோ தோஷம், யார் வந்தாலும் நிற்பதில்லை" என்பீர்கள். தோஷம் வீட்டிலில்லை, ரிஜிஸ்தர் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தீர்க்கப் பூசணிக்காய் உடைக்கவேண்டாம், ரத்துப் பத்திரம் போதும்.

நான்காவது, கறுப்புப் பணம். பத்திரத்தில் ஒரு விலையும் மடியில் ஒரு விலையுமாகப் பேசுகிறவர்கள், கிரயம் முறிகிறபோதுதான் அதன் பலனை அனுபவிக்கிறார்கள். எழுதாமல் கொடுத்த பணத்துக்கு எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது? குலதெய்வத்தின்மேல் சத்தியம் செய்யச் சொன்னால், பணத்தை விழுங்கினவன்தான் முதலில் கற்பூரத்தை அணைக்கிறான். சொத்துக் கிரயத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கினவனுக்கு அதே அளவு அபராதம் என்று 2015-ல் விதி வந்தது. கொடுப்பதும் திருப்புவதும் பாங்கி மூலமாக இருக்கட்டும்.

கல்யாணமும் கந்துவட்டியும்

இனி எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். கிரயம் முறிந்த வீட்டில் குடும்பம் முறிவது எப்பொழுது? அச்சாரம் கைக்கு வந்த மறுநாளே மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, நகைக்கடையில் சொல்லிவைத்து, சம்பந்திக்கு இத்தனை பவுன் என்று வாக்கும் கொடுத்துவிட்ட பிறகு கிரயம் முறிகிறதே, அப்பொழுதுதான். வாங்கின அச்சாரம் செலவாகிவிட்டது. திருப்பிக் கொடுக்க வழியில்லை. கல்யாணத் தேதியோ நெருங்கிவிட்டது. மானம் போகிறதே என்று கந்துவட்டிக்காரன் வாசலுக்குப் போகிறான். தின வட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் குற்றமென்று 2003-லேயே தமிழ்நாடு சட்டம் செய்திருக்கிறது. ஆனாலும் மானத்துக்குப் பயந்தவன் போலீசுக்குப் போகமாட்டான் என்பது வட்டிக்காரனுக்குத் தெரியும். முடிவில், நல்ல விலைக்கு விற்கவிருந்த வீடு பாதி விலைக்கு வட்டிக்காரனிடமே போய்ச்சேருகிறது. சில வீடுகளில் அதற்கு முன்பே உத்தரத்தில் கயிறு தொங்குகிறது.

எந்த மானத்துக்காக இந்த உயிர்? வரதட்சிணை கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதல் குற்றம். அந்தக் குற்றத்தைச் செய்யமுடியாமல் போனதற்காகவா ஒரு தகப்பன் சாகவேண்டும்? கிரயம் முறிந்தது என்றவுடன் கல்யாணத்தையும் நிறுத்துகிற சம்பந்தி, பெண்ணை எடுக்க வந்தவனா, வீட்டை எடுக்க வந்தவனா? அவன் யோக்கியதை முன்னதாகத் தெரிந்ததற்குச் சந்தோஷப்படவேண்டாமா? மணமக்கள் இருவரும் சம்மதித்தால், உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே செல்லும் என்று, அண்ணா முதல் மந்திரியாக இருந்தபோது 1967-ல் தமிழ்நாடு சட்டசபை சட்டம் செய்திருக்கிறது. அதற்கு மாலை 2 போதும், மனை விற்கவேண்டியதில்லை.

ஆகையால் அச்சாரப் பணத்தைக் கிரயம் பதிவாகும்வரை தொடாதீர்கள். அது இன்னும் உங்கள் பணமல்ல, மற்றவன் உங்களிடம் கொடுத்துவைத்த பணம். அதை நம்பி வேறொரு வீட்டுக்கு அச்சாரம் கொடுக்காதீர்கள். கிரயம் முறிந்தால் மனைவியிடம் மறைக்காதீர்கள். அவள் ராசியைக் குறை சொல்லாமல் அவள் யோசனையைக் கேளுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கு அவளுக்குத் தெரிகிற அளவு உங்களுக்குத் தெரியாது.

விற்காமற்போன வீடு எங்கும் ஓடிவிடவில்லை. நேற்றிருந்த செங்கல் இன்றும் இருக்கிறது. நேற்றிருந்த கூரையின் கீழேதான் இன்றும் பிள்ளைகள் தூங்குகிறார்கள். குறைந்துபோனது ஒரு வாங்குபவன் மாத்திரமே. அவனுக்குப் பதில் வேறொருவனைத் தேடலாம். ஆனால் சோதிடனுக்கும் பரிகாரக்காரனுக்கும் வட்டிக்காரனுக்கும் கொடுத்த பணத்தை எந்தக் கோர்ட்டில் போய்த் திரும்ப வாங்குவது? தேவிபட்டினத்துக்குப் பஸ் ஏறப் போகிறவர்கள் வழியில் இறங்கி, சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் ஒரு வில்லங்கச் சான்றுக்கு மனுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பட்டும். உங்கள் கிரகம் எந்த வீட்டில் இருக்கிறது என்று பார்த்தது போதும். உங்கள் வீடு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள்.